நமக்குள்ள என்னம்மா முன்ன பின்ன

எங்கள் சாருக்கு 'நான்' என்ற சொல் வாயில் வராது. எல்லாமே 'நாம'தான். கல்லூரிக்கு எதிரே இருந்த டீக்கடையில் போய் உட்கார்ந்ததும், "தம்பி, நமக்குச் சர்க்கரை கம்மியா" என்பார். சர்க்கரை வியாதி அவருக்கு மட்டும்தான். கடைக்காரர், சாரோடு வந்திருக்கும் எங்கள் எல்லோருக்கும் சேர்த்துக் கசக்கிற டீயாகப் போட்டுக் கொண்டுவந்து வைப்பார். ஒருவரும் வாய் திறக்க மாட்டோம். அவரிடம் பிஎச்.டி. சேர்ந்த முதல் வருடமே எனக்குச் சர்க்கரை இல்லாத டீ பழகிவிட்டது. இன்றைக்கும் அப்படித்தான் குடிக்கிறேன்.

ஆள் நல்ல உயரம். பேன்ட்டை வயிற்றுக்கு மேல் ஏற்றி பெல்ட் போட்டிருப்பார். வாயில் எப்போதும் ஒரு கிராம்பு இருக்கும். பக்கத்தில் வந்து நோட்டைக் குனிந்து பார்த்தால் கிராம்பு வாசனைதான் முதலில் வரும். சொந்த ஊர் நத்தம் பக்கம். மாம்பழக் காலத்தில் ஒரு கூடையைத் தலையில் தூக்காத குறையாகக் கொண்டுவந்து டிபார்ட்மென்ட் மேசையில் கவிழ்ப்பார். "நம்ம தோட்டத்துப் பழம். எடுத்துக்கங்க. லேப் பாக்குற தம்பிக்கும் குடுங்க." மதியம் நான் டிபன்பாக்ஸைத் திறந்ததும் எட்டிப் பார்த்து, "இன்னைக்கு நமக்கு என்ன வெஞ்சனம்?" என்று கேட்பார். பாதி அவர் தட்டுக்குப் போகும். அவர் வீட்டம்மா கட்டிக் கொடுத்த கோலா உருண்டை என் தட்டுக்கு வரும். கணக்குப் பார்த்தால் எனக்குத்தான் லாபம். அதனால்தான் சொல்கிறேன், அவருடைய 'நம்ம' வெறும் வாய்ப்பேச்சு இல்லை. அது வெறும் வாய்ப்பேச்சாக இருந்திருந்தால் எனக்கு இத்தனை வருடக் கசப்பு வந்திருக்காது. எங்கேயோ பார்த்த ஒரு ஏமாற்றுக்காரர் என்று தூக்கிப் போட்டிருப்பேன்.

என் அம்மாவுக்குப் பித்தப்பையில் கல் என்று திண்டுக்கல் பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். அப்பா வடமதுரை மினிபஸ்ஸில் டிரைவர். பஸ்ஸை விட்டு இறங்கினால் அவருக்குக் கை கால் ஓடாது. ஆபரேஷன் தேதி தள்ளிக்கொண்டே போனது. நான் சாரிடம் சொல்லக்கூட இல்லை. யார் மூலமோ தெரிந்து, வகுப்பை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு வந்து நின்றார். டாக்டர் அறைக்குள் அவர் பாட்டுக்கு நுழைந்து, "நம்ம அம்மாவ எப்ப எடுக்கப் போறீங்க சார்? வலியில துடிக்கிறாங்க" என்று கேட்டார். அம்மா யாருக்கு என்ன முறை என்று டாக்டருக்குப் புரியவில்லை. அடுத்த நாள் ஆபரேஷன் நடந்தது. அது முடிகிறவரை என் அப்பாவுக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, பஸ் இன்ஜினைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். அப்பாவைப் பயப்படாமல் இருக்க வைக்க வேறு வழி இல்லை என்று யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. அவராகவே கண்டுபிடித்தார்.

அப்பா அன்றைக்கு என்னிடம் சொன்னார். "ஏத்தா, இப்பேர்ப்பட்ட மனுசன் ஒனக்குக் கெடச்சிருக்காரு. அவர் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசிராத."

நாங்கள் படித்த விஷயத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். சூரியனிலிருந்து ஓயாமல் ஒரு காற்று வீசுகிறது. நாம் மூச்சு விடுகிற காற்று இல்லை. மின்னேற்றம் கொண்ட துகள்களின் வெள்ளம். அதைத்தான் பிளாஸ்மா என்கிறோம். அந்த வெள்ளம் ஒரு கோளை நெருங்கும்போது, கோளுக்கு முன்னால் வில் மாதிரி வளைந்து ஒரு மோதல் முகப்பு நிற்கும். 'ஷாக்' என்று லேபில் சொல்வோம். அதில் பட்டுச் சில துகள்கள் வந்த வழியே திரும்பி ஓடும். வருகிறதும் திரும்புகிறதும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து போகையில் அங்கே அலைகள் கிளம்பும்.

இதை சார் எனக்குக் கரும்பலகையில் சொல்லித் தரவில்லை. கூடப் படித்த ஒருவனுடைய கல்யாணத்துக்கு சித்தையன்கோட்டை போய்விட்டு எல்லோரும் வேனில் திரும்பிக்கொண்டிருந்தோம். ஐப்பசி மழை பெய்து முடித்திருந்தது. ஆத்தூர் அணைப் பக்கம் வாய்க்காலில் தண்ணீர் சிவப்பாக, நல்ல வேகமாக ஓடியது. வேனை நிறுத்தச் சொன்னார். கல்யாணத்துக்குப் போட்டுவந்த பேன்ட்டை முழங்காலுக்கு மேலே சுருட்டிக்கொண்டு நடு வாய்க்காலில் போய் நின்றார்.

"இப்ப நாமதான் செவ்வாய்" என்று கத்தினார். "தண்ணி சூரியக் காத்து. நம்ம காலுக்கு முன்னால பாருங்க, தண்ணி எப்பிடி வளைஞ்சு மேடு கட்டி நிக்குதுன்னு. அதுதான் ஷாக். அதுக்கும் முன்னால சின்னச் சின்னதா நெளியுது பாருங்க. நம்ம வேலை அதுலதான்!"

வேன் டிரைவர்கூட இறங்கிவந்து பார்த்தார். சாரின் செருப்பில் ஒன்று தண்ணீரோடு போய்விட்டது. ஒற்றைச் செருப்போடு சிரித்துக்கொண்டே ஏறிவந்தார். அந்த மனிதருக்காக நான் என்ன வேண்டுமானாலும் செய்திருப்பேன். எவ்வளவு வேண்டுமானாலும் உழைத்திருப்பேன். உழைத்தேன்.

செவ்வாயைச் சுற்றிக்கொண்டிருந்த ஒரு விண்கலம், ஷாக்குக்கு முன்னால், அதாவது வெளிப்பக்கத்தில், மின்புலத்தில் சின்னச் சின்னத் துடிப்புகளைப் பதிவு செய்திருந்தது. ஒரு மேடு, உடனே ஒரு பள்ளம், பிறகு ஒன்றுமில்லை. ஏன் அப்படி வருகிறது என்று அப்போது யாரும் தெளிவாகச் சொல்லியிருக்கவில்லை. எந்தெந்தத் துகள், எவ்வளவு நெருக்கமாக, எவ்வளவு சூடாக இருந்தால் அப்படி ஒரு துடிப்பு பிறக்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்வதுதான் எங்கள் வேலை. திண்டுக்கல்லில் உட்கார்ந்து செய்யக்கூடிய வேலை. விண்கலம் வேண்டாம். ஒரு கம்ப்யூட்டரும் பொறுமையும் போதும்.

கணக்குக்குள் போடுவதற்கு நெருக்கமும் சூடும் எண்களாக வேண்டும். சார் ஒரு வெளிநாட்டுக் கட்டுரையிலிருந்து ஒரு அட்டவணையை எடுத்துக் கொடுத்தார். "இதப் போட்டு ஓட்டும்மா." ஓட்டினேன். துடிப்பு அழகாக வந்தது. விண்கலம் காட்டிய அதே உயரம். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

அப்புறம் அந்தக் கட்டுரையை முழுதாகப் படித்தேன். அட்டவணைக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. அந்த எண்கள் ஷாக்கைத் தாண்டி உள்ளே எடுத்தவை என்று அதற்கு அர்த்தம் வைக்கலாம். தைப்பூசத்துக்குப் பழனி பஸ்ஸில் ஏறுகிற கூட்டத்தைப் பார்த்திருந்தால் இது எளிதாக விளங்கும். படிக்கட்டுக்கு வெளியே ஆட்கள் அங்கங்கே நிற்பார்கள். உள்ளே போய்விட்டால் நெரிசலும் புழுக்கமும். சூரியக் காற்றும் அப்படித்தான். வெளியே மெலிசு, உள்ளே நெருக்கடி, சூடு. நாங்கள் விளக்க வந்த அலை வெளியே. போட்ட எண் உள்ளே.

சாரிடம் போனேன். லேபில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

"சார், இந்த டேபிள் ஷாக்குக்கு உள்ள எடுத்தது மாதிரி தெரியுது. நம்ம அலை வெளிய இருக்கு."

வாங்கிப் பார்த்தார். கிராம்பை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். "நாம பாத்துக்கலாம்மா. நீ முதல்ல வரைபடத்த முடி."

கட்டுரை எழுதி முடிந்த பிறகு இன்னொரு தடவை கேட்டேன். "இன்னும் ரெண்டு வாரம் குடுங்க சார். வெளிப்பக்கத்து எண்ணத் தேடிப் போட்டுப் பாத்துர்றேன்."

"சிறப்பிதழுக்கு அனுப்பணும்மா. அவன் நமக்காகக் காத்துக்கிட்டு இருக்க மாட்டான். நாம பாத்துக்கலாம்னு சொல்றேன்ல?"

அவர் 'நாம' என்று சொன்னதும் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. நமக்கு மேலே ஒருவர் பார்த்துக்கொள்கிறார் என்கிற நிம்மதி. ஆஸ்பத்திரி பெஞ்சில் என் அப்பாவுக்கு வந்ததும் அதுவாகத்தான் இருக்கும்.

கட்டுரையில் அவர் பெயர் முதலில் இருந்தது. கணக்குப் போட்டதும் எழுதியதும் நான். எங்கள் துறையில் வேலை செய்தவர் பெயர் முதலில் வருவதுதான் வழக்கம். கேட்கலாமா வேண்டாமா என்று நான் தயங்கி நிற்பதைப் பார்த்து அவரே சொன்னார்: "நமக்குள்ள என்னம்மா முன்ன பின்ன?"

கட்டுரை வந்தது. திண்டுக்கல்லில் ஒரு கல்லூரி, செவ்வாய், வெளிநாட்டுப் பத்திரிகை. நிர்வாகத்துக்குத் தலைகால் புரியவில்லை. கல்லூரி வாசலில் ஆளுயர ஃபிளெக்ஸ் வைத்தார்கள். சாரின் முகம், பின்னால் ஒரு சிவப்புப் பந்து, கீழே 'செவ்வாய் கண்ட செம்மல்'. பாராட்டு விழாவில் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் மைக்கைப் பிடித்து, "இது நம்ம எல்லாரோட வெற்றி. நம்ம பொண்ணு உழைச்ச உழைப்பு" என்று சொல்லி, முன்வரிசையில் இருந்த என்னை மேடைக்குக் கூப்பிட்டு, பொன்னாடையை எடுத்து என் தோளில் போட்டார். அரங்கமே கைதட்டியது. என் அம்மா அழுதாள். நானும்தான்.

மறுநாள் காலையில் லேபுக்கு வந்து, "அந்தச் சால்வை எங்கம்மா? வீட்ல கேக்குறாங்க" என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அப்போது அது எனக்குத் தப்பாகவே படவில்லை. துவைத்து மடித்துக் கொடுக்க முடியவில்லையே என்றுதான் கூச்சப்பட்டேன்.

ஆறேழு மாதம் போயிருக்கும். வெளிநாட்டிலிருந்து ஓர் ஆராய்ச்சியாளர் அந்தப் பத்திரிகைக்கு எழுதினார். மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். இந்த ஆசிரியர்கள் ஷாக்குக்கு உள்ளே உள்ள அளவுகளை வெளியே உள்ள அலைக்குப் போட்டிருக்கிறார்கள், ஆகவே முடிவு நிற்காது. அம்புட்டுத்தான். பத்திரிகை கல்லூரிக்கு எழுதி விளக்கம் கேட்டது.

முதல்வர் அறையில் கூப்பிட்டு விசாரித்தார்கள். முதல்வர், நிர்வாகச் செயலாளர், சார், நான். ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. சார் என் பக்கத்து நாற்காலியில் உட்காரவில்லை. செயலாளருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"என்ன சார் இது?" என்றார் முதல்வர்.

"கணக்கு முழுக்க அவங்கதான் பாத்தாங்க சார்" என்றார் எங்கள் சார். "நாங்க நம்பி விட்டுட்டோம்."

அதுவரை எந்த இடத்திலும் அவர் என்னை 'அவங்க' என்று சொன்னதில்லை. 'அவ', 'நம்ம பொண்ணு', 'ஏம்மா' இவ்வளவுதான். ஒரு நிமிடத்தில் எனக்கு மரியாதை கூடிவிட்டது. அந்த 'நாங்க'வில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தேன். செயலாளர் இருந்தார், முதல்வர் இருந்தார், ஃபிளெக்ஸ் கட்டியவர்கள், கைதட்டியவர்கள் எல்லோரும் இருந்தார்கள். நான் இல்லை.

"சார், நான் ரெண்டு தடவ கேட்டேன்" என்றேன். "டேபிள் உள்பக்கத்தது மாதிரி இருக்குன்னு கேட்டேன். சார் பாத்துக்கலாம்னாங்க."

முதல்வர் அவரைப் பார்த்தார்.

"எங்கிட்ட கேட்டிருந்தா நான் சொல்லியிருக்க மாட்டேனா சார்?" என்றார் அவர். அவர் வாயிலிருந்து 'நான்' என்ற சொல்லை அன்றைக்குத்தான் கேட்டேன்.

"எழுத்துல கேட்டீங்களாம்மா? மெயில், மெசேஜ், ஏதாச்சும்?" என்று முதல்வர் என்னிடம் கேட்டார். கெட்டவர் இல்லை அவர். இருந்தால் எடுத்துக் கொடு என்கிற மாதிரித்தான் கேட்டார். மேசைக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவரும் தினமும் உட்கார்ந்திருந்த லேபில், பாதிச் சோற்றைப் பங்கு போட்டுத் தின்றுகொண்டு, எதற்கு மெயில் அனுப்புவேன்?

"இல்ல சார்."

"அப்ப சரி" என்றார் செயலாளர்.

வெளியே வந்து வண்டி நிறுத்தும் இடத்தில் நின்றேன். சார் பின்னாலேயே வந்தார். சுற்றிலும் பார்த்துவிட்டு, பழைய குரலில், "மனசுல வச்சுக்காதம்மா. நமக்கு ரிட்டயர்மென்ட் நேரம். ஒனக்கு வயசு கெடக்கு. கொஞ்ச நாளு ஆகட்டும், நாம பாத்துக்கலாம்" என்றார். நான் தலையாட்டினேன். வெட்கக்கேடு என்னவென்றால் அப்போதும் நம்பினேன்.

கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாகப் பத்திரிகை அறிவித்தது. 'கணக்கீட்டைச் செய்த இரண்டாம் ஆசிரியரின் பிழை' என்று காரணம் போட்டிருந்தது. அன்றைக்கு மட்டும் யார் முன்னே, யார் பின்னே என்பதில் ஒரு குழப்பமும் இல்லை. என் ஆய்வேட்டில் பாதி அந்தக் கட்டுரை. புதிதாகத் தொடங்கச் சொன்னார்கள், வேறு கைடிடம். வேறு கைடு யார் எடுப்பார்? போய்ப் போய்க் கேட்டேன். எல்லோரும் டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "சார்ட்ட மன்னிப்புக் கேட்டுரு, எல்லாம் சரியாயிரும்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். நான் கேட்கவில்லை என்றதும், எனக்குத் தெரியாமல் ஒருநாள் யூனிஃபார்மோடு போய்க் கல்லூரி வாசலில் நின்றிருக்கிறார். கையில் ஒரு சீப்பு சிறுமலைப் பழம். சார் அவரைப் பார்த்ததும் தோளில் கை போட்டு, பிரியாணிக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய் உட்காரவைத்து, சாப்பிட வைத்து, திரும்ப பஸ் ஸ்டாண்டில் கொண்டுவந்து விட்டிருக்கிறார். அப்பா வீட்டுக்கு வந்தபோது முகம் தெளிவாக இருந்தது.

"தங்கமான மனுசன்த்தா. 'நம்ம புள்ள தெரியாமச் செஞ்சிருச்சு, நாம கைவிட்ருவோமா'ன்னு கேட்டாரு. அவர் மேல ஒரு தப்பும் இல்ல. நீதான் கோவிச்சுக்கிட்டு இருக்கியாம்."

அப்பாவிடம் நான் அதற்கப்புறம் அதைப் பற்றிப் பேசவே இல்லை. என்னிடமிருந்து சார் எடுத்துக்கொண்டதிலேயே எனக்கு ஆறாதது அதுதான். கட்டுரை இல்லை, பட்டம் இல்லை. என் அப்பாவை எடுத்துக்கொண்டார். ஒரு பிளேட் பிரியாணியில்.

வீட்டில் உட்கார்ந்திருந்த அந்த நாட்களில் பழைய லேப்டாப்பில் வெளிப்பக்கத்து எண்களைத் தேடிப் போட்டு ஓட்டிப் பார்த்தேன். துடிப்பு வந்தது. உயரம் குறைவு. விண்கலம் காட்டியதில் பெரியவற்றை அது விளக்காது, சின்னவற்றை விளக்கும். அலட்டிக்கொள்ள ஒன்றும் இல்லை, ஆனால் உண்மை. நான் கேட்ட ரெண்டு வாரம்கூட அதற்கு ஆகவில்லை. அப்போதே கொடுத்திருந்தால் ஃபிளெக்ஸ் வைக்கிற அளவுக்கு இல்லாமல், ஆனால் யாராலும் அசைக்க முடியாமல் ஒரு கட்டுரை நின்றிருக்கும். அவர் பெயர் முன்னால் இருந்திருந்தாலும் பரவாயில்லை என்றிருப்பேன். தனியாக எழுதி இரண்டு பத்திரிகைகளுக்கு அனுப்பினேன். என் பெயரைப் போட்டுத் தேடினால் முதலில் வருவது திரும்பப் பெற்ற கட்டுரைதான். மதிப்பீட்டுக்கே போகாமல் இரண்டும் திரும்பி வந்தன.

இப்போது பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில், நீட் கோச்சிங்கில் பிசிக்ஸ் எடுக்கிறேன். கீழே செருப்புக்கடை. நான்கு விடையில் சரியான ஒன்றை எப்படி வேகமாகக் கண்டுபிடிப்பது என்று சொல்லித் தருகிறேன். ஏன் அது சரி என்று சொல்லித் தர நேரம் கிடையாது.

சார் இறந்துபோன செய்தி வாட்ஸப்பில் வந்தது. தூக்கத்திலேயே போயிருக்கிறார். அவரிடம் படித்தவர்கள் குரூப்பில் ஆளாளுக்கு எழுதினார்கள். எல்லோருக்கும் ஒரு ஆஸ்பத்திரி இருந்தது, ஒரு கூடை மாம்பழம் இருந்தது. ஒன்றும் பொய்யில்லை. நான் கைகூப்பிய படத்தை மட்டும் போட்டேன். அடக்கத்துக்குப் போகவில்லை. காரியமெல்லாம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். ஏன் போனேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. சார் வீட்டம்மா கையால் எத்தனையோ நாள் சாப்பிட்டிருக்கிறேன். போகிற வழியெல்லாம், அவர் கடைசிக் காலத்தில் என்னை நினைத்து வருத்தப்பட்டதாக அந்தம்மா சொன்னால் என்ன பதில் சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனேன்.

அந்தம்மா என்னைப் பார்த்ததும் எழுந்துவந்து கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார்கள்.

"வாத்தா. இம்புட்டு தூரம் இதுக்காகவா வந்த? எப்ப வந்த பெங்களூர்ல இருந்து?"

யாரோ என்று நினைத்துவிட்டார்கள் போல என்று என் பெயரைச் சொன்னேன்.

"தெரியாதா எனக்கு? சாருக்குத்தான் எந்நேரமும் ஒன் பேச்சாச்சே. அந்த ஆராய்ச்சிக் கூடத்துலதான இன்னும் இருக்க? போன வருசம் புரமோசன் வந்துச்சாமே. எனக்குத்தான் கொஞ்சம் வருத்தம். நல்ல வேலை கெடச்சுப் போறவ ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல. சார்ட்ட கேட்டா, 'வேலை அப்பிடி, நம்ம பொண்ணுதான, விடு'ம்பாரு."

சுவரில் மாலை போட்ட படத்தில் சார் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு வேலையைக் கொடுத்து, ஊரைக் கொடுத்து, புரமோஷன்வரை கொடுத்து வைத்திருக்கிறார். குற்ற உணர்ச்சியில் செய்தாரா, தன் மாணவி நன்றாக இருக்கிறாள் என்று சொல்லிக்கொள்ளும் ஆசையில் செய்தாரா? இனிமேல் யாரைக் கேட்பது?

அம்மா உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்கள். ஒரு பெண் வந்தாள். தலையைப் பின்னிப் போட்டிருந்தாள். கையில் சார்ஜரோடு போன்.

"என் கொழுந்தன் மக. திருச்சில பிஎச்.டி. சேந்திருக்கா, ஒன் பாடமேதான். வீட்ல எல்லாரும் கல்யாணத்தப் பண்ணுவோம்னாங்க. பெரியப்பாதான் ஒன்னயக் காட்டிக் காட்டியே சேக்க வச்சாரு. இந்தாடி, நீ பாக்கணும்னு சொன்ன அக்கா."

அந்தப் பெண் என்னை அப்படிப் பார்த்தாள். அந்தப் பார்வையோடு யாரும் என்னைப் பார்த்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. "அக்கா, நீங்க இப்ப எந்த மிஷன் டேட்டால ஒர்க் பண்றீங்க?" என்றாள்.

தலையை ஆட்டிவிட்டுக் கிளம்பியிருக்கலாம். துக்க வீடு. போன மனிதர். என் வாய் கேட்கவில்லை.

"நான் பெங்களூர் போனதே இல்லம்மா" என்றேன், அந்தம்மாவைப் பார்த்து. "எனக்குப் பட்டமும் கெடைக்கல, வேலையும் கெடைக்கல. இங்கதான் பஸ் ஸ்டாண்டுகிட்ட டியூஷன் எடுக்கிறேன்." பிறகு நடந்ததைச் சொன்னேன். அட்டவணை, நான் கேட்டது, அவர் சொன்னது, முதல்வர் அறை. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

அம்மா முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்தார்கள்.

"அவரு அப்பிடிப் பேசக்கூடியவர் இல்லத்தா."

சுவரில் இருந்த படத்தைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்கள்.

"பேசியிருந்தா, இருக்கும்போதே வந்து அவர் மூஞ்சிக்கு நேரா கேட்டிருக்கணும். இப்ப வந்து எங்கிட்டச் சொல்ற. அவரு வந்து பதில் சொல்லுவாரா?" எழுந்தார்கள். "சாப்டுட்டுப் போன்னு சொல்ல எனக்கு வாய் வரல. போயிட்டு வா."

உள்ளே போய்விட்டார்கள். அந்தம்மா சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்பார்கள். எனக்கு ஒன்றும் இறங்கவில்லை. ஒரு வீட்டில் மிச்சம் இருந்த நல்ல நினைப்பைக் கொஞ்சம் கெடுத்தேன், அவ்வளவுதான். செருப்பைத் தேடி மாட்டினேன்.

கேட் வரைக்கும் அந்தப் பெண் கூடவே வந்தாள். அவள் பெரியப்பாவைப் பற்றிச் சொன்னதற்குச் சண்டைக்கு வரப்போகிறாள் என்று நினைத்தேன்.

"அப்ப நான் சேந்தது தப்பாக்கா?"

"இல்ல. பாடம் நல்ல பாடம்." கேட்டைத் திறந்துகொண்டே கேட்டேன். "கைடு எப்பிடி?"

"ரொம்ப நல்லவர்க்கா" என்றாள். முகம் மலர்ந்துவிட்டது. "எங்களையெல்லாம் வீட்டுப் பிள்ளைங்க மாதிரிப் பாத்துக்குவாரு."

எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். ஷேர் ஆட்டோ ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. கை காட்டி நிறுத்தினேன்.

"அவர்ட்ட எதக் கேட்டாலும் மெயில்ல கேளு. பதிலையும் மெயில்லயே வாங்கு."

அவளுக்கு விளங்கவில்லை. "பக்கத்து ரூம்லதான்க்கா இருக்காரு. நேர்ல கேட்டா ஒரு நிமிசத்துல சொல்லிருவாரே?"

"அதுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தேன்.